இரண்டு தரம் கூப்பிட்ட குரல்

நாற்பதைத் தாண்டி, செல்போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு படிக்கிற என் வயசுக்காரர்களே, இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். இப்போதைய பிள்ளைகளிடம் சொன்னால், "பாதியில் நின்றால் என்ன, பிறகு போட்டுப் பார்க்க வேண்டியதுதானே" என்பார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. வாரத்துக்கு ஒரு நாள், அரை மணி நேரம், தவறினால் தவறினதுதான். பேய்த் தொடர் பார்த்துவிட்டு இரண்டு பேருக்கு நடுவில் படுத்தால்தான் தூக்கம் வரும் என்றிருந்தவர்கள் உங்களில் பாதிப் பேராவது இருப்பீர்கள். இல்லை என்பவர்கள் பொய் சொல்கிறீர்கள்.

நான் சொல்லப்போவது ஒரு கோடை விடுமுறை. எனக்குப் பதினொரு வயது. திருவனந்தபுரத்தில், கிழக்கேகோட்டையிலிருந்து சாலை என்கிற கடைத்தெருவுக்குள் நுழைந்தால் வருகிற ஒரு சந்தில், நாலு வீடு கொண்ட லைனில் குடியிருந்தோம். அப்பாவுக்குப் பாத்திரக் கடையில் வேலை. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், நான் பிறந்தது மட்டும் இங்கே. பள்ளிக்கூடத்தில் மலையாளம், வீட்டில் தமிழ், சண்டை போடும்போது இரண்டும். சந்து முழுக்கக் காய்ந்த மிளகாயும் பெருங்காயமும் மணக்கும். துவைத்துக் காயப்போட்ட சட்டை மிளகாய் வாசனையோடுதான் கொடியிலிருந்து இறங்கும்.

லைனில் டி.வி. இருந்தது எங்கள் வீட்டில் மட்டும். இழுத்து மூடுகிற கதவு வைத்த மரப்பெட்டிக்குள் அது உட்கார்ந்திருக்கும். தமிழ்ச் சேனல் வருகிற கேபிளும் இழுத்திருந்தோம். பேய்த் தொடர் வருகிற திங்கட்கிழமை ஏழரை மணிக்கு நான் மனுஷப் பிறவியாக இருக்க மாட்டேன். ஏழு மணிக்கே சோறு தின்று, கை கழுவி, பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டுவிடுவேன். பக்கத்து வீட்டு ஆட்டோக்காரரின் மனைவி, நாங்கள் சேச்சி என்று கூப்பிடுகிறவள், ஒரு தட்டில் வறுத்த சக்கைக்கொட்டையோடு, நம் பலாக்கொட்டைதான், வருவாள். அவளுக்குத் தமிழ் அரைகுறை. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிற இடத்தில், "எந்தா பறஞ்ஞது? எந்தா பறஞ்ஞது?" என்று, அதாவது என்ன சொன்னார்கள் என்று கேட்டு, என் தோளைப் பிடித்து உலுக்குவாள். நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் மலையாளத்தில் சொல்லிக்கொண்டே வருவேன். பாதி என் சொந்தச் சரக்கு.

தொடரின் கதை இதுதான். ஒரு ஏரிக்கரையில் பெரிய வீடு. அந்த வீட்டு மூத்த மருமகள் செத்துப்போகிறாள். அதற்குப் பிறகு விளக்கு வைக்கிற நேரத்தில், பூட்டிக் கிடக்கிற பின்கட்டிலிருந்து முதலில் வளையல் சத்தம் கேட்கும். பிறகு ஒரு குரல், வீட்டில் இருக்கிறவர்களைச் செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிடும், மெதுவாக. "என்ன" என்று பதில் கொடுத்தவன் மூன்றாம் நாள் ஏரியில் மிதப்பான். அந்த வளையல் சத்தம் வந்தால் எனக்குத் திரையைப் பார்க்கப் பயம். பார்க்காமலும் இருக்க முடியாது. பாவாடையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு நூல் இடைவெளி வழியாகப் பார்ப்பேன்.

அந்தக் கோடையில்தான் சித்தப்பாவும் சித்தியும் எங்களோடு வந்து இருந்தார்கள். சித்தப்பா என்றால் அப்பாவின் தம்பி. முதலில் மலையடிவாரத்து ஊரான வித்துராவில் ஒரு ஹோட்டலில் தோசைக் கல்லில் நின்றார். அங்கே சந்தைக்கு வருகிற, மேலே மலையில் இருக்கிற போனக்காடு தேயிலை எஸ்டேட் பெண்ணைப் பார்த்து, யாரையும் கேட்காமல் கட்டிக்கொண்டார். இப்போது எங்களுக்குப் பக்கத்தில் தம்பானூரில் ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்திருந்தது. சித்திக்கு ஏழு மாதம். பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கட்டும் என்று இங்கே கூட்டிவந்திருந்தார். அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் வளைகாப்பைக் குறையில்லாமல் நடத்தினாள். சித்தியின் இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல். அவள் திரும்பிப் படுத்தால்கூட வீடு முழுக்கக் கேட்கும்.

போனக்காடு என்றால் இந்த ஊரில் எல்லாருக்கும் ஒன்றுதான் நினைவு வரும். அங்கே வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா ஒன்று இடிந்து கிடக்கிறது, அதில் பேய் இருக்கிறது என்பார்கள். பேய் இருக்கிற மலையிலிருந்து ஒருத்தி வந்து எங்கள் வீட்டிலேயே படுத்துக்கிடக்கிறாள் என்றால் நான் சும்மா விடுவேனா? வந்த அன்றே கேட்டுவிட்டேன்.

"நீங்க அதப் பாத்திருக்கீங்களா சித்தி?"

"பங்களாவத் தினமும் பாத்திருக்கேன். எங்க லைனுக்கு மேலதான்."

"பேய?"

"பேயுமில்ல, பிசாசுமில்ல. அட்டதான் இருக்கு. ரத்தம் குடிக்கும், அது நெசம்." காலில் வரிசையாக இருந்த பழைய அட்டைத் தழும்புகளைக் காட்டினாள். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி. நாங்க விடியறதுக்கு முன்ன டார்ச் அடிச்சுக்கிட்டு மலை ஏறுறவங்க. யானையப் பாத்துப் பயப்படுவோமா, பேயப் பாத்துப் பயப்படுவோமா?"

அந்த டார்ச்சைக் கூடவே கொண்டுவந்திருந்தாள். மூன்று பேட்டரி போடுகிற நீளமான டார்ச். உடம்பு முழுக்கச் சொட்டை. மூடிக்குக் கீழே சைக்கிள் டியூப்பை வெட்டி வளையமாக மாட்டியிருந்தது, மழைத் தண்ணீர் இறங்காமல் இருக்க. கையில் எடுத்தால் தேயிலைத் தூள் வாசனையும் ரப்பர் வாசனையும் கலந்து வரும். சித்தியின் குரலும் அப்படித்தான், மலைக்கானது. ஒரு சரிவிலிருந்து அடுத்த சரிவுக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல். அடுக்களையில் நின்று "பாப்பா" என்று கூப்பிட்டால் சந்து முனையில் இருக்கிற மிளகாய் மண்டிக்காரர் திரும்பிப் பார்ப்பார். "எதுக்கு இப்படிக் கத்துத, இங்க என்ன காடா கெடக்கு" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள்.

கோடையில் அணையில் தண்ணீர் வற்றிவிட்டது என்று சொல்லிச் சாயங்காலம் தினமும் அரை மணி நேரம் கரண்டு கட்டு. உங்களுக்கு நினைவிருக்கும். ஒரே நேரத்தில் ஊர் முழுவதற்கும் போகாது. ஒரு பக்கம் போகும்போது இன்னொரு பக்கம் வெளிச்சமாக இருக்கும். எங்கள் சந்துக்கு அந்த மாதம் ஏழே முக்காலிலிருந்து எட்டேகால். அதாவது தொடரின் முதல் பாதி எங்களுக்கு, பின்பாதி தம்பானூர்க்காரர்களுக்கு. கரண்டு போனதும் திரையின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி மினுங்கி அடங்கும். அதற்கப்புறம் மண்ணெண்ணெய் விளக்கின் நாற்றமும் கொசுவும்தான். மறுநாள் காலையில் பின்பாதிக் கதையைச் சித்தப்பாதான் சொல்ல வேண்டும். அவர் ஹோட்டலில் டி.வி. உண்டு. தோசை வார்த்துக்கொண்டே பார்த்துவிடுவேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்தத் திங்கட்கிழமை நடந்தது இது. பெரிய வீட்டில் எல்லாரும் எங்கோ போய்விட்டார்கள். கடைக்குட்டிப் பெண், என் வயசுதான் இருக்கும், தனியாக இருக்கிறாள். விளக்கு ஏற்றுகிறாள். வளையல் சத்தம் கேட்கிறது. பின்கட்டுக் கதவைக் காட்டுகிறார்கள். பூட்டு ஆடுகிறது. "குட்டிம்மா..." என்று குரல் வருகிறது. அந்தப் பெண் திரும்புகிறாள். மறுபடியும், "குட்டிம்மா..." அவள் வாயைத் திறக்கிறாள். கரண்டு போய்விட்டது.

நான் போட்ட கூச்சலில் சேச்சியின் தட்டு கவிழ்ந்தது. சித்தி இருட்டில் சிரித்தாள். அவள் வளையல்கள் குலுங்கின. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் நான் அம்மா மடியில் போய் விழுந்தேன். அன்று ராத்திரி முழுக்க எனக்கு ஒரே கவலைதான். அவள் "என்ன" என்று சொன்னாளா, சொல்லவில்லையா?

காலையில் சித்தப்பா எழுந்திருப்பதற்கு முன்பே அவர் பாய்க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். அவர் கண்ணைத் தேய்த்தார். சித்தி கறுப்புத் தேயிலைத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"பதில் சொன்னாளா சித்தப்பா?"

ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னார். "சொல்லல. சொல்ல வாயத் தொறந்தா. அதுக்குள்ள கதையில வருவாருல்லா அந்த வாத்தியார், அவரு வந்து வாயப் பொத்திட்டாரு. என்ன சொன்னாரு தெரியுமா? பேய் ரெண்டு தரந்தான் கூப்பிடும். மூணாவது தரம் கூப்பிட அதுக்குச் சக்தி கெடயாது. மூணு தரம் கூப்பிட்டா மனுஷன். அதுவர வாயத் தொறக்கப்பிடாதுன்னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, மூணாவது கொரல் வரல. பிள்ள தப்பிச்சிட்டு."

"நீங்க நெசமா பாத்தீங்களா?" என்று சித்தி கேட்டாள்.

"பாத்தேன்னுதான சொல்லுதேன்."

எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. மூன்று மாதமாக என்னை ஆட்டிவைத்த பயத்துக்கு ஒரு மருந்து கிடைத்துவிட்டது. இனிமேல் எண்ணினால் போதும். அன்றிலிருந்து வீட்டில் யார் கூப்பிட்டாலும் முதல் இரண்டு தரத்துக்கு நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். "செவிட்டுப் பொணமே, தொண்டத் தண்ணி வத்தக் கூப்பிடுதேன், நட்டமா நிக்கிய." அடி வாங்கினாலும் பரவாயில்லை என்று எண்ணிக்கொண்டேதான் இருந்தேன். விஷயம் புரிந்தது சித்தி ஒருத்திக்குத்தான். புதன்கிழமை காலையில் அடுக்களையிலிருந்து மூச்சு விடாமல் கூப்பிட்டாள்.

"பாப்பா, பாப்பா, பாப்பா. மூணு ஆச்சு. நான் மனுஷிதான், வந்து காப்பி குடி."

மண்டிக்காரர்வரை கேட்டிருக்கும். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இந்த வீட்டில் என் பயத்தை மதித்தவள் அவள்தான்.

வியாழக்கிழமை. தொடரைப் பார்த்து மூன்றாம் நாள். அதையும் நான் எண்ணி வைத்திருந்தேன். அம்மா கரமனையில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தாள். அப்பா கடையில், சித்தப்பா ஹோட்டலில். நானும் சித்தியும் மட்டும். சாயங்காலத்திலிருந்தே இடி. ஏழரைக்கு மழை பிடித்துக்கொண்டது. எங்கள் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். மழை வந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது பாதிதான் கேட்கும். டி.வி.யில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தோம். ஏழே முக்காலுக்குக் கரண்டு போனது.

மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றினோம். காற்றில் இரண்டு தரம் அணைந்தது. சித்தி டார்ச்சைப் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு மாதிரி இருக்கு, குளிமுறிக்குப் போயிட்டு வந்துடறேன்" என்றாள். குளியலறையும் கக்கூஸும் பின்பக்கம், முற்றத்தைத் தாண்டி, நாலு வீட்டுக்கும் பொது. நான் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டேன்.

"நானும் வாரேன் சித்தி."

"மழைல நனஞ்சா உங்க அம்மா என்னக் கொன்னுடுவாங்க. இந்தா, டார்ச்ச நீ வச்சுக்கோ. எனக்கு இருட்டு பழக்கந்தான்."

டார்ச்சை என் மடியில் வைத்துவிட்டு, தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு பின்கதவைத் திறந்து போனாள். வளையல் சத்தம் மழைக்குள் போய் மறைந்தது.

நான் டார்ச்சை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தேன். வெளிச்சத்தை டி.வி. பக்கம் திருப்பினேன். கறுப்புத் திரையில் யாரோ ஒரு பெண் குந்தியிருந்தாள். அது நான்தான் என்று தெரிந்தும் உடனே வேறு பக்கம் திருப்பிவிட்டேன். பின்கதவு காற்றில் தட்டித் தட்டி ஆடியது. மழை சற்றுக் குறைந்து, மறுபடி கூடியது. அந்த இடைவெளியில் கேட்டது. வளையல் சத்தம். ஒரு குலுக்கல். பிறகு, "பாப்பா..."

சித்தியின் குரல் எனக்குத் தெரியும், சந்து முனைக்குக் கேட்கிற குரல். இது தாழ்ந்து, இழுத்து, தரையோடு தரையாக வந்தது. இது சித்தி இல்லை என்று என் மூளை சொன்னது. பின்கட்டு, வளையல், செல்லப் பெயர், மூன்றாம் நாள், எல்லாம் அப்படியே இருந்தன. வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். டார்ச் உருண்டு போனது.

"பாப்பா..."

இரண்டு. எண்ணிவிட்டேன். இனி மூன்றாவது வந்தால் மனுஷி, வராவிட்டால் அது. காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். மழை, ஓட்டை வாளியில் விழுகிற தண்ணீர், என் மூச்சு. நூறு வரைக்கும் எண்ணினேன். மறுபடி நூறு எண்ணினேன். மூன்றாவது வரவில்லை.

அந்த நேரத்தில் என் மனதில் என்ன ஓடியது என்பதை இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை. நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டேன். சித்தி வந்ததும் இதைச் சொல்லி, பார்த்தீர்களா, பேய் இல்லை என்றீர்களே என்று கேட்க வேண்டும் என்று மனதுக்குள் வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்துக்கொண்டேன்.

எட்டேகாலுக்குக் கரண்டு வந்தது. அணைக்காமல் விட்டிருந்த டி.வி. திடீரென்று சோப்பு விளம்பரத்தைக் கத்தியது. வெளிச்சம் வந்ததும் பயம் பாதி போயிற்று. சித்தி ஏன் இன்னும் வரவில்லை என்று அப்போதுதான் தோன்றியது. பின்கதவுக்குப் போனேன். முற்றத்தைத் தாண்டி குளியலறையில் பல்பு எரிந்துகொண்டிருந்தது. கதவு மூடியிருந்தது. கதவுக்கு அடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அது தண்ணீர் நிறத்தில் இல்லை. வாசல்படியில் ஒரு பச்சை வளையல் துண்டு கிடந்தது.

சேச்சியைக் கூப்பிட்டு அலறினேன். அவள் ஓடிவந்தாள். அவள் புருஷன் கதவைத் தோளால் இடித்துத் திறந்தார். சித்தி சுவரில் சாய்ந்து கண் மூடியிருந்தாள். "மோளே, நீ நோக்கண்டா" என்று சேச்சி என் முகத்தைத் தன் வயிற்றில் அழுத்திக்கொண்டாள். அங்கேயும் சக்கைக்கொட்டை வாசனை. யாரோ டார்ச்சை எடுத்து அடித்துக்கொண்டு முன்னால் போனார்கள். சந்துக்குள் ஆட்டோ பின்பக்கமாகவே வந்தது. சித்தியைத் தூக்கிப் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். அந்த டார்ச் அப்புறம் திரும்பி வரவேயில்லை.

பெண் குழந்தை. விடியும்வரை இருந்ததாம். டாக்டரம்மா சொன்னதை அம்மா வந்து அப்பாவிடம் சொன்னாள், நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "ஒரு அர மணிக்கூறு முன்னால கொண்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு சொல்லுதா." அரை மணி நேரம். கரண்டு கட்டு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம்.

பெரியவர்கள் கூடிப் பேசித் தீர்ப்புகள் எழுதினார்கள். ஒன்றுகூடச் சரியில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் பிள்ளைத்தாய்ச்சி பின்பக்கம் போனது தப்பு என்றாள் அம்மா. மலையிலிருந்து ஏதோ கூடவே வந்திருக்கிறது என்றார்கள் ஊரிலிருந்து வந்தவர்கள். ஒரு ஆளைக் கூட்டிவந்து சித்தியின் வெறும் கையில் கறுப்புக் கயிறு கட்டினார்கள். இந்தப் பேய்த் தொடர்தான் வீட்டுக்குத் தரித்திரம் என்று அப்பா கேபிள் வயரைத் தானே வெட்டினார், பெட்டியின் கதவை இழுத்து மூடினார். என்னை மட்டும் எல்லாரும் புகழ்ந்தார்கள். பதினொரு வயசுப் பிள்ளை சமயத்தில் ஆளைக் கூப்பிட்டதே, இல்லாவிட்டால் தாயும் போயிருப்பாள் என்றார்கள். சித்தப்பா ஹோட்டலிலிருந்து எனக்கு ஜாங்கிரி வாங்கிவந்தார். அழுது வீங்கிய கண்ணோடு, "என் பொண்டாட்டியக் காப்பாத்துன சாமில்லா நீ" என்று ஊட்டிவிட்டார். அதை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அன்று எனக்குக் காய்ச்சல் வந்தது. பயந்த கோளாறு என்று பள்ளிவாசலில் ஓதிய தண்ணீரை முகத்தில் அடித்தார்கள்.

ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிப்போனது நாலாவது நாள். சித்தி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கையில் ஒரு வளையல்கூட இல்லை. அம்மா வெந்நீர் வாங்கப் போன நேரத்தில் என் பக்கம் திரும்பினாள்.

"நான் கூப்பிட்டது கேட்டுச்சா பாப்பா?"

"கேக்கல சித்தி. மழ."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "ஆமா, மழதான்" என்றாள். பிறகு மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபின் அவள் சத்தமாகப் பேசுவதை விட்டுவிட்டாள். ஆனால் என்னைக் கூப்பிடும்போது மட்டும் மூன்று தரம் கூப்பிடுவாள். "பாப்பா, பாப்பா, பாப்பா." சிரிக்காமல், மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாக. முதல் தரத்திலேயே "என்ன சித்தி" என்று நான் ஓடிப்போய் நின்றாலும் மீதி இரண்டையும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லி முடிப்பாள். "அவளுக்கு என்ன காதா கேக்கல, மூணு மூணு தரம் கூப்பிடுத" என்று அம்மா அலுத்துக்கொள்வாள். எனக்குத் தெரியும். சித்திக்கு எல்லாம் தெரியும். ஒவ்வொரு தரமும் எனக்குச் சவுக்கடி கொடுக்கிறாள் என்று நினைத்தேன். அவள் அடுக்களையில் இருந்தால் நான் முற்றத்துக்குப் போய்விடுவேன். பேய்க்குப் பயந்ததைவிட அதிகமாக அந்த நல்லவளுக்குப் பயந்தேன். அடுத்த வருஷம் அவர்கள் வித்துராவுக்கே திரும்பிப் போய் ஒரு சாயாக்கடை வைத்தபோது நான் விட்ட பெருமூச்சு எனக்கே கேட்டது.

கல்லூரியில் படிக்கும்போது ஒரு மத்தியானம் அந்தத் தொடரை மறுபடி போட்டார்கள். தோழியின் வீட்டில், சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். விளக்கு, வளையல், பூட்டு, "குட்டிம்மா." கரண்டு போகவில்லை. இரண்டாவது குரலிலேயே அந்தப் பெண், "யாரு, பெரியம்மாவா?" என்று கேட்டுவிட்டாள். வாத்தியாரும் வரவில்லை, யாரும் வாயைப் பொத்தவும் இல்லை. கல்லை எடுத்துப் பூட்டை உடைத்தாள். உள்ளே மருமகள் உயிரோடு இருந்தாள். சொத்துக்காக மாமனாரே அவளை அடைத்துவைத்து, செத்துவிட்டதாக ஊரை நம்பவைத்திருக்கிறார். குரல் கேட்டுப் பதில் கொடுத்தவர்களை ஏரியில் தள்ளியதும் அவர்தான். அவ்வளவு நாளும் அவள் வளையலை ஆட்டி ஆட்டி, யாராவது வந்து திறக்க மாட்டார்களா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

சோற்றில் கையை வைத்தபடி நான் அழுததைப் பார்த்துத் தோழி பயந்துவிட்டாள். சீரியலுக்கெல்லாம் இப்படியா என்றாள். சித்தப்பா அந்தப் பின்பாதியைப் பார்க்கவே இல்லை. வேலை மும்முரமாக இருந்திருக்கும். காலையில் ஒரு பிள்ளை ஆசையாக வந்து உட்கார்ந்ததும் ஏமாற்ற மனம் வராமல், ஊரில் எல்லாரும் சொல்கிற ஒன்றை எடுத்துக் கதையாக்கிவிட்டார். என்னைத் தூங்கவைக்கச் சொன்ன பொய் அது. தன் குழந்தையை அது என்ன செய்தது என்று அவருக்குத் தெரியாது.

அவருக்கு அது தெரியாமலே இருக்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். என் ஆயுளில் நான் காப்பாற்றிய ஒரே சத்தியம் அதுதான். அவர்களுக்குப் பிறகு ஒரு பையன் பிறந்தான், நன்றாக இருக்கிறான். சித்தப்பா போன வருஷம் போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு நான் மட்டும் வித்துராவில் தங்கினேன். சாயங்காலம் மழை வந்தது. சித்தியும் நானும் சாயாக்கடைக்குப் பின்னால் இருக்கிற அறையில் உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு முடி முழுக்க நரைத்துவிட்டது. காலில் அந்த அட்டைத் தழும்புகள் மட்டும் அப்படியே இருந்தன.

இனிச் சொல்லலாம் என்று தோன்றியது. "சித்தி, அன்னிக்கு..." என்று தொடங்கி நிறுத்திவிட்டேன்.

அவள் மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மூணாவது தரம் கூப்பிட்டா நீ வந்துருவேன்னு எனக்குத் தெரியும் பாப்பா. ஞாபகம் இருந்துச்சு. எண்ணிக்கிட்டேதான் கூப்பிட்டேன். மூணாவதுக்குத் தெம்பு இல்ல." கையை விரித்துக் காட்டினாள். "அதான் அப்புறம் எப்பவும் விடாம மூணும் கூப்பிட்டுப் பழகினேன். நீ பயந்தவ. உன்ன ரெண்டோட நிறுத்தி வச்சிரக் கூடாதுல்ல."

முப்பது வருஷமாக அதைச் சவுக்கடி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் அவள் மடியில் விழுந்து அழுதேன். அவள் என் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தாள். "அவருகிட்ட நீயும் சொல்லல, நானும் சொல்லல. நல்லாத்தான் போனாரு" என்றாள்.

பிறகு எழுந்து தேயிலைத் தண்ணீர் போட அடுக்களைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் கரண்டு போனது. இருட்டில் டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. "பாப்பா" என்று கூப்பிட்டாள். "இதோ வந்துட்டேன் சித்தி" என்று எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு அடுக்களையை நோக்கிப் போனேன். நான் போய்ச் சேருவதற்குள் மீதி இரண்டையும் கூப்பிட்டு முடித்துவிட்டாள்.